மன்சி நாலு கியர் பாக்ஸைப் பிரித்து மாட்டும் முறை: 1963–1974 கார்வெட்

செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் வண்டிகளில் 1963 முதல் 1974 வரை வந்த நாலு வேக கியர் பாக்ஸை இந்தியானா மாநிலத்து மன்சி நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை தயாரித்தது. அலுமினியக் கூடு, பக்கவாட்டு மூடி, நாலு முன் கியருக்கும் சிங்க்ரோ (கியர் மாற்றும்போது சுழலும் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு). பழைய ஸ்போர்ட்ஸ் கார் பாக்ஸ்களில் வீட்டு ஷெட்டிலேயே பிரித்து மாட்டக்கூடியவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் பேரிங் கிட் வாங்கி மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுடைய பாக்ஸ்தான் மறுபடி சத்தம் போடும், ஆயில் ஒழுகும், கியரிலிருந்து வெளியே குதிக்கும். கூடும் ஷாஃப்டும் தேய்ந்திருக்கும்போது புதுப் பேரிங் எதையும் காப்பாற்றாது. அதனால் முதலில் அளவு, பிறகு பாகம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

கையில் இருப்பது எந்த பாக்ஸ்?

1963 ஆரம்பத்தில் வந்த கார்வெட்டுகளில் போர்க்-வார்னர் டி-10 பாக்ஸ் இருந்தது. பக்க மூடியில் 9 போல்ட் இருந்தால் அது டி-10. 7 போல்ட் இருந்தால் மன்சி. கூட்டில் வார்த்திருக்கும் எண்ணையும் பாருங்கள்: 3831704 என்றால் 1963, 3851325 என்றால் 1964–65, 3885010 என்றால் 1966–67, 3925660, 3925661 இரண்டும் 1968க்குப் பிறகு. கூட்டில் குத்தியிருக்கும் தேதிக் குறியீடு மன்சி ஆலையைக் குறிக்கும் "பி" (P) எழுத்தில் தொடங்கும். மன்சி பாக்ஸில் எம்20, எம்21, எம்22 என்று மூன்று வகை உண்டு; 1969 முதல் அந்தக் குறியீட்டின் கடைசி எழுத்து ஏ (A) என்றால் எம்20, பி (B) என்றால் எம்21, சி (C) என்றால் எம்22.

குறியீடு அழிந்திருந்தால் பல்லை எண்ணலாம். கிளட்சிலிருந்து சுழற்சியை உள்ளே கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டின் கியரில் 24 பல், அதற்குக் கீழே கவுண்டர் ஷாஃப்டின் மேல் சுற்றும் கவுண்டர் கியரில் அதோடு சேரும் வரிசையில் 29 பல் என்றால் 1963–65 எம்20. முதல் கியர் விகிதம் 2.56. 21க்கு 25 என்றால் 1966க்குப் பிந்தைய எம்20, விகிதம் 2.52. 26க்கு 27 என்றால் நெருக்க விகித எம்21 அல்லது எம்22; விகிதம் 2.20. எம்22இல் பல்லின் சாய்வு குறைவாக இருக்கும். அது ஓடும்போது வரும் ஊளைச் சத்தம் அதன் இயல்பு, பழுது அல்ல. அந்தச் சத்தத்தைப் போக்குவதற்காக எம்22 பாக்ஸைப் பிரிக்கத் தேவையில்லை.

பாகம் வாங்கும்போது குழப்பம் வருவது கவுண்டர் ஷாஃப்டில்தான். 1965 வரை அதன் விட்டம் 7/8 அங்குலம். 1966 முதல் 1 அங்குலம். பழையதில் 80 ஊசி ரோலர், புதியதில் 112. கிட் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இன்புட் ஷாஃப்டில் 1970 வரை 10 ஸ்ப்ளைன் (ஷாஃப்டின் மேல் நீளவாக்கில் வெட்டிய பள்ளங்கள்), 1971 முதல் 26. பின்பக்கம் 27 ஸ்ப்ளைன் இருந்தது 32 ஆனது. பல வண்டிகளில் இத்தனை வருடத்தில் பாக்ஸே மாறியிருக்கும். ஆகவே வண்டியின் வருடத்தை நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள், பிரித்து அளந்த பிறகு கொடுங்கள்.

கழற்றும் முன் ஓட்டிப் பாருங்கள்

பாக்ஸ் வண்டியில் இருக்கும்போதே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். நியூட்ரலில் கிளட்சை விட்ட நிலையில் கரகரப்பு வந்து, பெடலை மிதித்ததும் நின்றால், முன் பேரிங் அல்லது கவுண்டர் கியர் ரோலர். பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது பாக்ஸே அல்ல. ரிலீஸ் பேரிங் அல்லது கிராங்கில் இருக்கும் பைலட் புஷ். ஒன்று, இரண்டு, மூன்றில் இரைந்து நாலில் அமைதியானால் கவுண்டர் கியர் பக்கம்தான் சந்தேகம். நாலாவது நேர் கியர். அதில் கவுண்டர் கியர் சுற்றும், ஆனால் சுமை ஏறாது. இரண்டுக்குப் போடும்போது நறநறவென்றால் பித்தளை சிங்க்ரோ ரிங். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் நாலிலிருந்து வெளியே குதித்தால் பாக்ஸுக்குள் தேடும் முன் பெல் ஹவுசிங்கை (கிளட்சை மூடி, என்ஜினையும் பாக்ஸையும் இணைக்கும் கூடு) அளக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இறக்குவது

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, வண்டியை நாலு ஸ்டாண்டில் சமமாக நிறுத்துங்கள். ஆயிலை வடித்து, அதில் என்ன மின்னுகிறது என்று பாருங்கள். பொன்னிறத் தூள் சிங்க்ரோ ரிங்கிலிருந்து வருவது; கொஞ்சம் இருந்தால் சாதாரணம். வெள்ளி நிறச் செதில் வந்தால் ஷாஃப்டின் கெட்டித்தோல் உரிந்திருக்கிறது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோ கேபிள், ஷிஃப்டர், அதன் தண்டுகள், இடைஞ்சல் செய்யும் எக்ஸாஸ்ட் எல்லாம் வெளியே வர வேண்டும். பாக்ஸின் எடை 30 கிலோவுக்கு மேல். ஜாக் இல்லாமல் மார்பில் தாங்கி இறக்கும் வேலை வேண்டாம். கழற்றும்போதும் ஏற்றும்போதும் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் தட்டில் தொங்கினால் தட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும்.

பிரிப்பது

வெளிப்புறத்தை முதலில் சுத்தமாகக் கழுவுங்கள். பக்க மூடியின் 7 போல்ட்டையும் எடுத்து, ஃபோர்க்குகளோடு (ஸ்லீவைத் தள்ளும் கவைகள்) மூடியைத் தனியே வையுங்கள். உள்ளே இரண்டு ஸ்லீவையும் (கியரை ஷாஃப்டோடு பூட்டும் நகரும் வளையங்கள்) கையால் தள்ளி ஒரே நேரத்தில் இரண்டு கியரில் போட்டால் பாக்ஸ் பூட்டிக்கொள்ளும். முன் பேரிங்கை மூடியிருக்கும் ரிட்டெய்னரின் 4 போல்ட்டை எடுத்தால் உள்ளே பெரிய நட் தெரியும். இது இடது மரை. அதாவது கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றினால்தான் கழலும். வழக்கமான திசையில் பலம் போட்டு மரையைக் கெடுத்த ஷாஃப்டுகள் பழைய சாமான் கடைகளில் நிறைய கிடக்கின்றன.

அடுத்தது ரிவர்ஸ். பின் கூட்டில் ரிவர்ஸ் லீவர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் பின் (pin) ஒரு பக்கம் மெலிந்த கூம்பு. அதைக் கீழிருந்து மேலாகத் தட்டி எடுக்க வேண்டும். மேலிருந்து தட்டினால் இன்னும் இறுகும், கூட்டின் காதும் உடையலாம். அந்தக் கூம்புப் பின் வந்ததும் ஷாஃப்டை சுமார் 1/8 அங்குலம் வெளியே இழுத்தால் ரிவர்ஸ் ஃபோர்க் கியரிலிருந்து விலகும். பின் கூட்டின் 6 போல்ட்டை எடுத்து, ரப்பர் சுத்தியலால் பின்பக்கமாகத் தட்டிக் கொஞ்சம் நகர்த்துங்கள். ரிவர்ஸ் ஐட்லர் (ரிவர்ஸுக்காகச் சுழலும் திசையை மாற்றும் இடைக் கியர்) ஷாஃப்ட் வரக்கூடிய மட்டும் வந்து நின்றதும், கூட்டை இடப்பக்கமாக நகர்த்தினால் ஃபோர்க் தடையின்றி வெளியே வரும். நேராகப் பின்னுக்கு இழுத்தால் வராது.

ஸ்பீடோ கியரை ஷாஃப்டிலிருந்து எடுக்கும் முன் அது இருக்கும் இடத்தைக் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ரிவர்ஸ் கியரை எடுத்து, மூன்று-நாலு ஸ்லீவை முன்பக்கம் தள்ளி, நடுத்தகட்டை (முன் கூட்டுக்கும் பின் கூட்டுக்கும் நடுவே பின் பேரிங்கைத் தாங்கும் தகடு) மெதுவாகத் தட்டினால் மெயின் ஷாஃப்ட் முழுவதும் பின்வழியாக வரும். இன்புட் ஷாஃப்டின் வயிற்றில் இருக்கும் பைலட் ரோலர்கள் இப்போது சிதறும். கீழே வெள்ளைத் துணி விரித்திருந்தால் ஒன்றையும் தேட வேண்டியிருக்காது. வந்த எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள்.

கவுண்டர் ஷாஃப்டை முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக அழுத்தி எடுக்க வேண்டும். அதே விட்டத்தில், கவுண்டர் கியரின் நீளத்துக்கு வெட்டிய பொய் ஷாஃப்ட் ஒன்றைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனால் ரோலர்கள் உள்ளேயே நிற்கும். கடையில் வாங்கத் தேவையில்லை. மழமழப்பாகக் கடைந்த கம்பி போதும்.

மெயின் ஷாஃப்டில் முன்பக்க சர்க்ளிப்பை எடுத்தால் மூன்று-நாலு சிங்க்ரோவும் மூன்றாவது கியரும் வந்துவிடும். பின்பகுதிக்குப் பிரஸ் வேண்டும். முதலில் நடுத்தகட்டின் சர்க்ளிப்பை விரித்துத் தகட்டையும், பிறகு பின் பேரிங்கையும் எடுங்கள். பேரிங்கைக் கழற்றும் முன் அதன் வெளிவளையப் பள்ளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் இரண்டாவது கியரின் முன்முகத்தைத் தாங்கி, ஷாஃப்டின் பின் நுனியில் அழுத்தினால் முதல் கியர், அதன் புஷ், ஒன்று-இரண்டு சிங்க்ரோ, இரண்டாவது கியர் எல்லாம் கழலும். சிங்க்ரோவில் ஒவ்வொரு ஹப்பும் (ஸ்லீவுக்கு உள்ளே இருக்கும் நடுப்பகுதி) ஸ்லீவும் ஒன்றுக்கொன்று பழகியவை. பிரிக்கும் முன் இரண்டிலும் நேர்க்கோட்டில் குறி போடுங்கள்.

எதை அளப்பது, எதைத் தூக்கிப் போடுவது

இந்த வேலையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது.

கவுண்டர் ஷாஃப்டை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். ரோலர் ஓடும் இடத்தில் சுமை எப்போதும் ஒரே பக்கம் விழுவதால் தேய்வும் ஒரு பக்கம்தான் இருக்கும். நகத்தால் வருடும்போது குழியோ படியோ தட்டினால் ஷாஃப்டும் ரோலரும் சேர்ந்து போக வேண்டும். ஷாஃப்டை மாற்றிய பிறகு கவுண்டர் கியரின் உட்புறத் துளையையும் பார்க்க மறக்கக் கூடாது. அங்கே குழி விழுந்திருந்தால் புது ரோலர் சீக்கிரமே பொரிந்துபோகும். கவுண்டர் கியரே புதிதாக வேண்டும்.

அடுத்து கூட்டில் கவுண்டர் ஷாஃப்ட் உட்காரும் துளைகள். ஷாஃப்ட் இறுக்கமாக, தட்டினால் மட்டும் போக வேண்டும். கையால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அலுமினியம் தேய்ந்துவிட்டது. மன்சி பாக்ஸ் முன்பக்கம் ஆயில் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆயில் சீல் என்று நினைத்து ரிட்டெய்னர் கேஸ்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் ஒழுகல் நிற்காது. தேய்வு சிறிதானால் சுமார் 0.0015 அங்குலம் பருமன் கூடிய ஷாஃப்ட் கிடைக்கிறது. அதிகமானால் துளையைப் பெரிதாக்கி புஷ் போட வேண்டும். அது நல்ல லேத் பட்டறை வேலை. இரண்டு துளையும் ஒரே அச்சில் வராவிட்டால் கவுண்டர் கியர் சாய்ந்து பல் கடிக்கும். வெறும் பேரிங் பசை போட்டு ஒட்டுவது தற்காலிகம்.

முன் பேரிங் உட்காரும் துளையிலும் இதே சோதனை. பேரிங்கின் வெளிவளையம் கூட்டுக்குள் சுற்றியிருந்தால் பளபளவென்று தேய்ந்த பட்டை தெரியும்.

சிங்க்ரோ ரிங்கை அதன் கியரின் கூம்பில் வைத்து, அழுத்திச் சுற்றிப் பிடியுங்கள். ரிங்குக்கும் கியரின் டாக் பற்களுக்கும் (ஸ்லீவ் பிடிக்கும் சிறு பற்கள்) நடுவே ஃபீலர் கேஜ் விடுங்கள். 0.030 அங்குலத்துக்கு, அதாவது 0.76 மி.மீ.க்குக் கீழே இறங்கியிருந்தால் ரிங் முடிந்தது. உட்புறக் கீற்றுகள் மழுங்கியிருந்தால் இடைவெளி சரியாக இருந்தாலும் மாற்றுங்கள். ஆயில் படலத்தை வெட்டுவதே அந்தக் கீற்றுகள்தான். டாக் பற்களின் நுனி கூராக, இரு பக்கமும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். பல்லின் பக்கச் சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தால் கியர் குதிப்பதற்கு அதுவே காரணம், கியரை மாற்றாமல் தீராது.

ஃபோர்க்கின் பாதங்கள், முதல் கியர் புஷ், பின் கூட்டின் புஷ் மூன்றையும் பாருங்கள். பின் ஆயில் சீல் திரும்பத் திரும்பக் கெட்டால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் முன் துண்டு ஆடுகிறது என்று பொருள். புஷ்ஷை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றுவது வீண்.

ஒரு முழு வேலைக்கு வாங்க வேண்டியவை: முன், பின் பேரிங்குகள், ஊசி ரோலர் முழு செட், அவற்றின் இடைவாஷர்கள், த்ரஸ்ட் வாஷர்கள், 4 சிங்க்ரோ ரிங், சிங்க்ரோ சாவிகளும் ஸ்பிரிங்குகளும், சர்க்ளிப் செட், முன் நட், பின் கூட்டு புஷ், சீல், கேஸ்கெட் செட். கவுண்டர் ஷாஃப்டையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அதன் விலையை விட மறுபடி இறக்கும் உழைப்பு அதிகம்.

மாட்டுவது

மெயின் ஷாஃப்டிலிருந்து தொடங்கலாம். பின்பக்கத்திலிருந்து இரண்டாவது கியர், அதன் கூம்பு பின்னோக்கி. மேலே சிங்க்ரோ ரிங். பிறகு ஒன்று-இரண்டு சிங்க்ரோ. இதில் ஸ்லீவின் சரிவு பின்பக்கமும் ஹப்பின் நீட்டல் முன்பக்கமும் இருக்க வேண்டும். அடுத்து ஒரு குழாய்த் துண்டை வைத்து முதல் கியர் புஷ்ஷை அழுத்தி ஏற்றி, ரிங்கும் முதல் கியரும் போடுங்கள். ஒவ்வொரு ரிங்கின் பள்ளத்திலும் சிங்க்ரோ சாவி உட்கார்ந்ததா என்று அழுத்துவதற்கு முன்பே பாருங்கள். சாவி மேலேறி நிற்கும்போது பிரஸ்ஸை இறக்கினால் பித்தளை ரிங் அந்த இடத்திலேயே உடையும்.

பின் பேரிங்கை ஏற்றியதும் அதற்குப் பின்னால் போடும் சர்க்ளிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது 0.087, 0.090, 0.093, 0.096 அங்குலத் தடிமன்களில் வருகிறது. பேரிங்குக்கும் சர்க்ளிப்புக்கும் இடையே 0 முதல் 0.005 அங்குலம் வரைதான் ஆட்டம் இருக்கலாம். பள்ளத்தில் நுழையும் மிகத் தடிமனானதைப் போடுங்கள். கையில் கிடைத்ததைப் போட்டால் மெயின் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடி, கியர் பாதிப் பல்லில் பிடித்து ஓடும். பிறகு நடுத்தகட்டை அதன் சர்க்ளிப்போடு மாட்டி, ரிவர்ஸ் கியர், ஃபோர்க் பிடிக்கும் வளையம் பின்பக்கமாக. அதன்பின் ஸ்பீடோ கியர், எழுதி வைத்த அளவில். முன்பக்கத்தில் மூன்றாவது கியர், கூம்பு முன்னோக்கி, ரிங், மூன்று-நாலு சிங்க்ரோ, சரிவு முன்பக்கமாக, சர்க்ளிப்.

கவுண்டர் கியருக்குள் நடுக்குழாயை விட்டு, பொய் ஷாஃப்டைச் சொருகி, கிரீஸ் தடவி ரோலர்களை அடுக்குங்கள். 1 அங்குல ஷாஃப்டில் ஒவ்வொரு பக்கமும் வாஷர், 28 ரோலர், வாஷர், 28 ரோலர், வாஷர். மொத்தம் நாலு வரிசை, 112. கடைசி ரோலர் அதிகம் நெருக்காமல் விழ வேண்டும். ஒன்று குறைவாகப் போட்டால் வெளியே எதுவும் தெரியாது. ஆனால் மற்றவை கோணி ஓடி ஷாஃப்டைக் கீறும். அதனால் வரிசைக்கு வரிசை எண்ணுங்கள். 7/8 அங்குல ஷாஃப்டில் வரிசைக்கு 20.

கூட்டின் இரு பக்கமும் காதுள்ள த்ரஸ்ட் வாஷர்களைக் கிரீஸ் போட்டு ஒட்டி, கவுண்டர் கியரை அடியில் இறக்கி வையுங்கள். கூட்டை முன்முகத்தில் நிமிர்த்தி நிறுத்தி, ஷாஃப்டைப் பின்பக்கத்திலிருந்து விடுங்கள். அதன் நுனியில் வெட்டியிருக்கும் தட்டை முகம் கிடைமட்டமாக, கூட்டின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். திருப்பி விட்டால் பின்னால் வரும் நடுத்தகடு உட்காராது. முன் துளைக்குள் நுழையும் நுனியில் மெல்லிய சீலன்ட் பூச்சு தடவி, கூட்டின் பின்முகத்தோடு மட்டமாகும் வரை அழுத்துங்கள். இப்போது டயல் கேஜ் வைத்து முன்பின் ஆட்டத்தைப் பாருங்கள். 0.025 அங்குலத்துக்கு, அதாவது 0.64 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் வாஷரை மாற்றுங்கள். புது வாஷரிலும் மீறினால் கூட்டின் உள்முகம் தேய்ந்திருக்கிறது.

முன்பக்க ரிவர்ஸ் ஐட்லர் கியரையும் அதன் வாஷரையும் பல் முன்பக்கம் பார்க்க வையுங்கள். இன்புட் ஷாஃப்டுக்குள் பைலட் ரோலர்களைக் கிரீஸில் ஒட்டி, நாலாவது ரிங்கோடு மெயின் ஷாஃப்டின் மூக்கில் பொருத்தி, மூன்று-நாலு ஸ்லீவை முன்னால் தள்ளினால் இரண்டும் ஒரே கட்டாக நிற்கும். கூட்டின் பின்முகத்தில் கேஸ்கெட் வைத்து, முழுக் கட்டையும் பின்வழியாக உள்ளே விடுங்கள். பிறகு முன் பேரிங்கை வெளியிலிருந்து தட்டி உட்கார வையுங்கள். அடி எப்போதும் வளையத்தில் விழட்டும், குண்டுகள் வழியாக அல்ல. மறுபடி இரண்டு கியரில் பூட்டி, இடது மரை நட்டை 40 அடி-பவுண்டு, அதாவது 54 நியூட்டன் மீட்டர் இறுக்கி, ஓரத்தைப் பள்ளத்தில் குத்தி மடியுங்கள். இது தளர்ந்தால் இன்புட் ஷாஃப்ட் முன்பின் நகரும். நாலாவது கியர் நிற்காது.

ரிட்டெய்னரில் ஆயில் திரும்பும் துளையைக் கேஸ்கெட் மறைக்காமல் பாருங்கள். பின்பக்க ஐட்லரைச் சேர்த்துப் பின் கூட்டை மாட்டி, ஃபோர்க்கைக் கியரில் ஏற்றி, கூம்புப் பின்னை இம்முறை மேலிருந்து தட்டுங்கள்.

பக்க மூடிக்கு ஒரு முறை உண்டு. உள்ளே ஒன்று-இரண்டு ஸ்லீவை முன்னால் தள்ளி இரண்டாவது கியரிலும், மூன்று-நாலு ஸ்லீவை நியூட்ரலிலும் வையுங்கள். மூடியின் லீவர்களையும் அதே நிலையில் வைத்தால் ஃபோர்க் தானாகப் பள்ளத்தில் இறங்கும். போல்ட்டுகளைச் சுமார் 20 அடி-பவுண்டு இறுக்குங்கள்; அலுமினிய மரை அதற்கு மேல் தாங்காது. பிறகு இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். மூடி மாட்டிய நிலையிலும் இரண்டு கியர் ஒன்றாக விழுந்தால் மூடிக்குள் இன்டர்லாக் பின் விடுபட்டிருக்கிறது. அதை அப்படியே வண்டியில் ஏற்றக் கூடாது. ஓட்டத்தில் பாக்ஸ் பூட்டிக்கொள்ளும்.

ஏற்றும் முன் பெல் ஹவுசிங்

கிராங்கில் டயல் கேஜைப் பொருத்தி, பெல் ஹவுசிங்கின் நடுத்துளையைச் சுற்றி ஓட்டுங்கள். மொத்த அளவு மாறுதல் 0.005 அங்குலத்துக்குள் இருந்தால் நல்லது, 0.010க்கு மேல் போனால் ஏற்கக் கூடாது. மீறினால் பெல் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் டோவல் பின்களுக்குப் பதில் மையம் தள்ளியவற்றைப் போட்டுத் திருத்த வேண்டும். அச்சு விலகிய நிலையில் எவ்வளவு நல்ல பாக்ஸும் நாலாவது கியரை உதறும். பைலட் புஷ்ஷும் முன் பேரிங்கும் சீக்கிரம் போகும். பைலட் புஷ்ஷை வெண்கலத்தில் வாங்குங்கள். காந்தத்தில் ஒட்டினால் அது இரும்புத் தூள் கலந்தது, ஷாஃப்டின் மூக்கைத் தின்னும்.

பாக்ஸ் பெல் ஹவுசிங்கில் முழுவதும் பொருந்தும் வரை கையால்தான் தள்ள வேண்டும். கடைசி அரை அங்குலத்தைப் போல்ட் போட்டு இழுத்தால் கூட்டின் காது முறியும். பொருந்த மறுத்தால் கிளட்ச் தட்டு மையத்தில் இல்லை, இறக்கித் திருத்துங்கள். நாலு போல்ட்டும் சுமார் 52 அடி-பவுண்டு.

ஆயில் 80டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம். ஜிஎல்-5இன் கூடுதல் கந்தகச் சேர்க்கை பழைய பித்தளை ரிங்குகளுக்கு ஏற்றதல்ல. வழுக்கலும் கூடி சிங்க்ரோ பிடிக்கத் தாமதமாகும். வண்டி சமமாக நிற்க, நிரப்பும் துளை வழியாக வழியும் வரை ஊற்றினால் சுமார் 3 அமெரிக்க பைண்ட், 1.4 லிட்டர் பிடிக்கும். ஷிஃப்டர் தண்டுகளை நியூட்ரலில் நேர்ப்படுத்தும் பின் (pin) ஒன்றைச் சொருகி அளவு வையுங்கள். தண்டு குட்டையாக இருந்தால் ஸ்லீவ் முழுதாக ஏறாது, புது டாக் பல்லும் சில வாரத்தில் உருண்டுவிடும்.

முதல் 500 மைல் வரை கியரை அவசரமாக இழுக்க வேண்டாம். புதுப் பித்தளை ரிங் கூம்போடு சேர்ந்து படியும் வரை இரண்டாவது கொஞ்சம் விறைப்பாக விழும். அந்த 500 மைல் முடிந்ததும் ஆயிலை வடித்து, காந்தத்தை அதில் ஓட்டிப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் சரி. விரலில் உறுத்தும் துணுக்கு ஒட்டினால் பக்க மூடியைத் திறந்து எந்தப் பல் என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.